பழைய லெக்சிகனை எடைக்குப் போடலாமா?

மேலூரான்:
மாமனார் வீட்டைக் காலி செய்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி, 1982 மறுபதிப்பு, ஆறு தொகுதி இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. மகள் ‘கணினி’, ‘மின்னஞ்சல்’ போன்ற சொற்களை அதில் தேடிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லப்பா" என்கிறாள். பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாமா? அவளுக்கு எது வாங்கலாம்?

தென்றல்:
க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992, 2008, 2020 என மூன்று பதிப்பு வந்திருக்கிறது, கடைசியைப் பார்த்து வாங்குங்கள். இன்றைய எழுத்திலிருந்தே சொல் எடுத்திருக்கிறார்கள், இலங்கை வழக்கும் உண்டு. லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இடமில்லை என்றால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
தள்ளாதீர்கள் சார். ஜமீன் காலத்து மூலப்பத்திரம் யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் எடுப்பது அதைத்தான். மேல்வாரம் (ஜமீன்தார் பங்கு), குடிவாரம் (உழுதவன் பங்கு), இனாம் (மானியமாகக் கொடுத்த நிலம்), மிராசு (பரம்பரை நில உரிமை) என்று வரிக்கு வரி வரும். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. விளைச்சலில் ஜமீன்தாருக்கு எவ்வளவு, உழுதவனுக்கு எவ்வளவு என்ற கணக்கே போன பிறகு அந்தச் சொற்களுக்கு என்ன வேலை? லெக்சிகன் வெளிவந்தது 1924 முதல் 1936 வரை. அன்றைக்கு அவை வாய்க்கால் சண்டையில் புழங்கிய சொற்கள். ஆங்கிலத்திலும் பொருள் கொடுத்திருப்பார்கள், பழைய தீர்ப்புகளோடு ஒப்பிட வசதி. மின்னஞ்சலை அதில் தேடினால் அது என்ன செய்யும் பாவம்!

எல்லாமே செத்துவிடவும் இல்லை. பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இன்னும் கிராமக் கணக்கில் ஓடுகிறது. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், ஜூலை முதல் கணக்கு. ஆனால் ‘குழி’ என்ற நில அளவு வந்தால் மட்டும் அகராதியை நம்பி அளந்துவிடாதீர்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும், உள்ளூர்க் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறோடு முடியவில்லை, பின்னிணைப்பு தனியாக உண்டு. பரணில் தேடுங்கள். பூச்சிக்குப் பயந்து வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் மொறமொறவென்று உடையும்.

மேலூரான்:
பின்னிணைப்பு கிடைக்கவில்லை. ஆனால் டிரங்குப் பெட்டியில் 1931 தேதியிட்ட பத்திரம் ஒன்று இருக்கிறது ஐயா. நடுநடுவே ‘௸’ என்று ஒரு குறி. படம் போடட்டுமா?

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
அது ‘மேற்படி’. போடுங்கள், ஆனால் பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டு.