சைப்ரஸ் போகிறவர்கள் பச்சைக் கோடு என்ற எல்லையைத் தாண்டி வடக்கே போகலாமா?

பயணப்பை:
மார்ச்சில் குடும்பத்தோடு சைப்ரஸ் போகிறோம். லார்னகாவில் இறங்கி பாஃபோஸ், ட்ரூடோஸ் மலை என்று தெற்கே சுற்றுவதாகத் திட்டம். 1974-இல் துருக்கிப் படை இறங்கியதிலிருந்து தீவு இரண்டாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஐ.நா. காவலில் இருக்கும் பச்சைக் கோடு என்ற எல்லையைத் தாண்டி வடக்கே ஃபமகுஸ்தா, கிரீனியா பக்கமும் போகலாமா, கூடாதா என்று வீட்டிலேயே வாக்குவாதம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
போகாதீர்கள். வடக்கில் நடக்கும் ஆட்சியைத் துருக்கியைத் தவிர எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. அங்கே வாங்கும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டுக் காசும் அந்த ஆட்சிக்குத்தான் போகிறது. வடக்கே லித்ராங்கோமி ஊரின் கனகாரியா தேவாலயத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்து, துண்டு துண்டாக வெளிநாட்டுக்குக் கடத்தி விற்றுவிட்டார்கள். சைப்ரஸ் திருச்சபை அமெரிக்கா வரை போய் வழக்காடியது. 1989-இல் இண்டியானாபொலிஸ் நீதிமன்றம் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகுதான் அவை ஊர் திரும்பின. இப்போது தெற்கு நிக்கோசியாவின் பைசந்தைன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அங்கே போய்ப் பாருங்கள்.

தெற்கில் பார்க்க என்ன குறைச்சல்? ட்ரூடோஸ் மலையில் மட்டும் பத்துத் தேவாலயங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. கக்கோபெட்ரியா பக்கத்தில் இருக்கும் புனித நிக்கோலஸ் தேவாலயத்தில், மழைக்கும் பனிக்கும் தாங்காது என்று குவிமாடத்துக்கு மேலேயே செங்குத்தான ஓட்டுக் கூரை ஒன்றைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மலைக்காட்டுத் தானியக் கொட்டகை என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கப் பல நூற்றாண்டு ஓவியங்கள். அசினு தேவாலயத்தில் 1105-06-இல் தீட்டிய வண்ணம் இன்னும் அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கவே உங்கள் விடுமுறை போதாது.

முத்துநகர் செல்வி:
கல்தச்சன் அண்ணா, கனகாரியா பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதற்காகப் போகக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கர்பாஸ் முனையில் அப்போஸ்தலர் அந்திரேயா மடம் இருக்கிறது. நவம்பர் 30 திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து கிரேக்க சைப்ரஸ் மக்களே பேருந்து பேருந்தாகப் போகிறார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்த அந்த மடத்தை இரு தரப்பும் சேர்ந்த குழுதான் பழுது பார்த்தது. செலவைத் திருச்சபையும் துருக்கிய சைப்ரஸ் தரப்பின் வக்ஃபு அமைப்பும் ஏற்றன. 2016-இல் முதல் கட்டப் பணி முடிந்து மறுபடி வழிபாடு நடந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்களும் தெற்கே லார்னகா உப்பேரிக் கரையில் இருக்கும் ஹலா சுல்தான் தெக்கே என்ற தர்காவுக்கு வருகிறார்கள். ஊரை இழந்தவர்களே கோட்டைத் தாண்டும்போது நாம் மட்டும் ஏன் ஒதுங்க வேண்டும்?

கல்தச்சன்:
அவர்கள் போவது தங்கள் கோயிலுக்கு. சொந்த ஊருக்குள் நுழையவே அடையாள அட்டையை நீட்டிவிட்டுத்தான் போகிறார்கள். நாம் போவது வேடிக்கை பார்க்க. இரண்டும் ஒன்றா? ஃபமகுஸ்தாவின் வரோஷா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் ஓடிப்போன மக்களின் வீடுகளும் ஹோட்டல்களும் அப்படியே பாழாய் நிற்கின்றன. அங்கே பழைய குடிகளைத் தவிர வேறு யாரையும் குடியேற்றக்கூடாது என்று 1984-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 550-ஆம் தீர்மானம் சொன்னது. 2020-இல் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள், இப்போது வாடகை சைக்கிளில் சுற்றிப் படமெடுக்கிறார்கள். அடுத்தவன் வீட்டு இடிபாட்டில் நின்று படமெடுப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

முத்துநகர் செல்வி:
வரோஷா விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். அங்கே போகச் சொல்லவே மாட்டேன். ஆனால் அதே ஃபமகுஸ்தாவின் மதிலுக்குள் லாலா முஸ்தபா பாஷா பள்ளிவாசல் இருக்கிறது. முன்பு புனித நிக்கோலஸ் பேராலயம். 1571-இல் நகரம் உஸ்மானியர் கைக்குப் போனதும் பள்ளிவாசலானது. பிரெஞ்சு நாட்டுப் பேராலயம் போன்ற முகப்பு, ஓரத்தில் ஒரு மினார், வாசலில் பெரிய அத்திமரம். இன்றும் தொழுகை நடக்கிற இடம், உள்ளே போகக் காசும் கேட்பதில்லை.

அப்புறம் கிரீனியாக் கோட்டையில் இருக்கும் கப்பல். கி.மு. 300 வாக்கில் மூழ்கிய வணிகக் கப்பல் அது, 1965-இல் ஒரு முக்குளிப்பவர் கண்ணில் பட்டது. நூற்றுக்கணக்கான மதுச் சாடிகள், ஆயிரக்கணக்கில் பாதாம் பருப்பு. நான்கு மரக்கரண்டி, நான்கு உப்புக் கிண்ணம், நான்கு குவளை கிடைத்ததை வைத்து மாலுமிகள் நான்கு பேர் என்று கணக்கிட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எந்த ஆட்சிக்கு என்ன லாபம்?

மலைநாடன்:
இடையில் நடைமுறை விஷயம். வடக்கே எர்ஜான் விமான நிலையத்தில் இறங்காதீர்கள், சைப்ரஸ் குடியரசு அதைச் சட்டவிரோத நுழைவு என்கிறது. லார்னகாவோ பாஃபோஸோதான் சரி. தெற்கில் எடுத்த வாடகைக் காரின் காப்பீடு வடக்கில் செல்லாது, கடக்குமிடத்தில் தனியாக வாங்க வேண்டும். நிக்கோசியாவின் லெத்ரா வீதி வழியாக நடந்தே கடப்பது சுலபம். பாஸ்போர்ட் கட்டாயம், விசா நிபந்தனையையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயணப்பை:
நன்றி. அப்படியானால் ஒரே ஒரு நாள் கடந்துபோய் இரவுக்குள் தெற்கே திரும்பிவிட்டால்?

கல்தச்சன்:
ஒரு நாளானாலும் என் பதில் அதேதான். போவதென்று முடிவெடுத்தால், அதற்கு முன் நிக்கோசியா அருங்காட்சியகத்தில் கனகாரியா மொசைக்குகள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

முத்துநகர் செல்வி:
அதை நானும் வழிமொழிகிறேன். கிரீனியாவுக்கு ஒரு நாள் தாராளமாகப் போதும். கர்பாஸ் மட்டும் தூரம், அதை இந்த முறை விட்டுவிடுங்கள். உப்பேரியின் பூநாரைகள் மார்ச் கடைசியில் கிளம்பிவிடும், அதனால் லார்னகாவில் இறங்கிய முதல் நாளே அங்கே போய்விடுங்கள். ஹலா சுல்தான் தெக்கேயும் அதே கரையில்தான், இரண்டையும் ஒரே நடையில் முடிக்கலாம்.