கண்ணாடி அறைக்கு பிளைண்டும் நாற்காலியும்: எங்கள் வீட்டில் பட்டது

பெங்களூரு சி.வி.ராமன் நகரில் எங்கள் மொட்டைமாடியில் பாதியைக் கண்ணாடி போட்டு மூடி, செடி வைக்கவும் சாயங்காலம் காபி குடிக்கவும் ஓர் அறையாக்கினோம். மேற்குப் பார்த்த இடம். டிசம்பரில் அங்கே உட்கார்ந்தால் எழுந்து வர மனசே வராது. மார்ச் வந்ததும் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தாலே அனல் முகத்தில் அடித்தது. ஊரிலிருந்து வந்த அம்மா இரும்பு நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, "என்னடி இது, தோசைக்கல்லு மாதிரி காயுது" என்று எழுந்தவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கடையில் சொன்னார்களே என்று உள்பக்கம் தடிமனான ரோலர் பிளைண்ட், அதாவது மேலே சுருட்டி ஏற்றுகிற திரை, போட்டோம். வெளிச்சம்தான் போனது, சூடு போகவில்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் பிளைண்டைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இந்த மாதிரி அறைகளை இங்கிலாந்தில் வெயிலைப் பிடித்து வைக்கத்தான் கட்டினார்கள், நமக்கோ அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தியாக வேண்டும். கடைசியில் பம்பூ பஜாரில் மூங்கில் தட்டி வாங்கி மேற்குப் பக்கம் வெளியே தொங்கவிட்டு, கூரைக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டினோம். இப்போது நான்கு மணிக்கு அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிகிறது. கூரையை ஒட்டித் திறக்கிற மாதிரி இரண்டு ஜன்னல் வைக்காமல் விட்டதில்தான் எனக்கு இன்னும் வருத்தம், மேலே சேரும் சூடு அப்படியே நிற்கிறது.

* * *

நாங்கள் ஜெயநகர். பிளைண்டில் எங்களுக்கும் இதே கதைதான், நாற்காலி பற்றிச் சொல்கிறேன். ஆசைப்பட்டுப் பிரம்பு சோபா வாங்கினோம். ஏப்ரல் வெயிலில் காய்ந்து, உட்காரும்போதெல்லாம் கறகறவென்று சத்தம். கால் மூட்டில் சுற்றியிருந்த நார் பிரிந்து நிமிர்ந்து நிற்கும், என் சேலை இரண்டு அதில் மாட்டிக் கிழிந்தது. ஜூலை மழையில் மெத்தைக்கு அடியில் வெள்ளையாகப் பூசணம். இப்போது தேக்கு பெஞ்ச், மேலே கழற்றித் துவைக்கிற பருத்தி உறை. தேக்கில் எண்ணெய்ப்பசை இயற்கையாகவே இருப்பதால் வெயிலும் ஈரமும் தாங்குகிறது, நிறம் மட்டும் மெல்லச் சாம்பலாகிறது. பிரம்புதான் வேண்டும் என்றால் நேர் வெயில் படாத மூலையில் போடுங்கள்.

* * *

அல்சூரிலிருந்து ஒன்றே ஒன்று. மூங்கில் தட்டி வெளியே போடுகிறவர்கள் கீழ்முனையைச் சும்மா விடாதீர்கள். போன மே மாதம் ஒரு ராத்திரி இடிமழைக்கு முன்னால் அடித்த காற்றில் எங்கள் தட்டி சுழன்று கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தது, காலையில் பார்த்தால் கண்ணாடி ஓரத்தில் கீறல், மல்லிகைத் தொட்டி இரண்டு துண்டு. சுவரில் இரண்டு பக்கமும் கொக்கி அடித்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.