மங்கி ஐலண்ட் 2: அருவி பம்ப்ல மாட்டிக்கிட்டேன், ஒரு க்ளூ வேணும்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுறேன். 1991ல லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனி விட்ட புதிர் கேம். காலேஜ் நாள்ல காட்பாடி ஃப்ரெண்ட் வீட்ல பாதியில விட்டது. இப்போ லேப்டாப்ல ஸ்கம்விஎம் (பழைய கேம்களை ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு மறுபடி ஆரம்பிச்சேன். லைட் மோட் இல்ல, எல்லாப் புதிரும் இருக்கிற மோட்.

மூணு வாரமா கேம்ல வர்ற ஃபேட் தீவுலயே கிடக்கிறேன். அருவி உச்சியில ஒரு பம்ப், அதை மூடினாத்தான் அருவி நிக்கும். பாலாத்துல தண்ணி வரமாட்டேங்குது, இங்க நிக்கமாட்டேங்குது!

தள்ளு, இழு, திற, மூடுன்னு திரையில இருக்கிற ஒன்பது வினைச்சொல்லையும் தட்டியாச்சு. கையில இருக்கிற ஒவ்வொரு சாமானையும் பம்ப் மேல வெச்சுப் பார்த்தாச்சு, வாழைப்பழம் உட்பட. மூணு தீவையும் ரெண்டு தடவை சுத்தினேன். ஸ்கேப் தீவு பார்ல, மெட்ரோனோம் டிக் டிக்குன்னு ஆட, பியானோ வாசிக்கிற குரங்கைப் பார்த்துச் சிரிச்சுட்டு வந்ததோட சரி.

முடிச்ச மச்சான் ஒருத்தன், "ஸ்பானருக்கு அமெரிக்காக்காரன் என்ன பேர் சொல்வான்னு யோசிடா"ன்னுட்டு போனை வெச்சுட்டான். லாங் பஜார் ஹார்ட்வேர் கடையிலயே கேட்டுட்டேன். "பைப் ஸ்பானர், எந்த சைஸ் வேணும்?"ங்கிறார்.

முழு விடை வேணாம். அந்த பம்பைத் திருப்புற சாமான் எந்தத் தீவுல இருக்கு?