ஜார்ஜ் டவுன் பழைய கல்: பெயின்ட்டை எப்படி எடுப்பது?

என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கடைச் சுவரோடு சேர்ந்து ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. சாலை போட்டுப் போட்டு உயர்ந்ததில் முழங்கால் உயரம்தான் வெளியே தெரிகிறது. சுண்ணாம்பு, அதன்மேல் பச்சை எனாமல் பெயின்ட், அதன்மேல் டியூஷன் போஸ்டர். விளிம்பில் '177' மட்டும் தட்டுப்படுகிறது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட எல்லைக்கற்களில் ஒன்றோ என்று ஒரு நப்பாசை. மொத்தம் 13 நட்டார்கள்; பாரிமுனையில் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இது சாதாரண மைல்கல்லாகவும் இருக்கலாம், எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்ததில் போஸ்டரும் பசையும் போயின, பெயின்ட் அசையவில்லை. மூங்கில் சீவலும் பயனில்லை. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தேன். பெயின்ட் தடிப்பில் எழுத்து அமுங்கிவிடுகிறது. கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார் (நல்ல மனிதர்தான்!). சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. அடுத்த மாதம் அங்கே வடிகால் வேலை தொடங்குகிறதாம்.

எழுத்து சேதமாகாமல் கருங்கல்லிலிருந்து எனாமல் பெயின்ட்டை எடுக்க எதைப் பயன்படுத்தலாம்?