மாண்ட்ரியல் பத்தி 9: சம்மதமில்லாத நாட்டையும் கட்டுமா?

கூர்முனை:
"எந்தச் சூழல் ஒப்பந்தமும் ஒரு நாட்டை அதன் சம்மதமில்லாமல் கட்டாது" என்று பக்கத்து இழையில் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தப்பு. ஓசோன் படலத்தைக் காக்கும் ஒப்பந்தமான மாண்ட்ரியல் நெறிமுறை, பிரிவு 2, பத்தி 9-ஐப் படியுங்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள வாயுவின் குறைப்பு அளவை மாற்ற, கூட்டத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்மொழிவு நாடுகளுக்குப் போக வேண்டும். ஒருமித்த முடிவுக்கு எல்லா முயற்சியும் செய்தும் வராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. அதிலும் வளரும் நாடுகளில் பெரும்பான்மை, மற்றவற்றில் பெரும்பான்மை, இரண்டும் தனித்தனியாக வேண்டும். முடிவை முறைப்படி அறிவித்து ஆறு மாதமானால் எதிர்த்து ஓட்டுப் போட்ட நாட்டையும் அது கட்டும். எந்த நாடாளுமன்றமும் மறுபடி ஒப்புதல் தர வேண்டியதில்லை.

நீர்முள்ளி:
அந்த ஓட்டு எந்த வருஷம் நடந்தது? 2007-ல் எச்சிஎஃப்சி (குளிர்சாதனங்களில் பயன்படும், ஓசோனைக் கெடுக்கும் வாயு) கெடுவை முன்னால் இழுத்ததும் ஒருமித்த முடிவுதான்.

கூர்முனை:
ஓட்டு இருப்பதால்தான் ஒருமித்த முடிவே வருகிறது! தோற்போம் என்று தெரிந்தவர்தான் பேச உட்காருவார். 2007-ல் என்ன ஆனது? வளரும் நாடுகளுக்கு 2016-ல் உறைநிலை (அளவு அதற்கு மேல் கூடக் கூடாது), 2040-ல் நிறுத்தம் என்றிருந்தது. 2009, 2010 சராசரியை அடிப்படையாக்கி 2013-ல் உறைநிலை, 2015-ல் 10%, 2020-ல் 35%, 2025-ல் 67.5% குறைப்பு என்று மாறியது. 2030-ல் நிறுத்தம். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு, பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்க மட்டும் ஆண்டுச் சராசரி 2.5% அனுமதி.

நீர்முள்ளி:
வருஷம் கேட்டால் அட்டவணை தருகிறீர்கள். அன்று நாடுகள் இறங்கி வந்தது பயத்தால் இல்லை. ஒப்புக்கொண்ட கூடுதல் செலவு முழுவதையும் பலதரப்பு நிதியம் (வளரும் நாடுகளுக்கு உதவ இந்த நெறிமுறையின் கீழ் உள்ள நிதி) ஈடுகட்டும் என்ற உறுதியால்.

வடகாற்று:
எச்சிஎஃப்சி 1992 கோபன்ஹேகன் திருத்தத்தில்தான் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதை ஏற்காத நாட்டை 2007 முடிவு தொடாது. ஏற்ற நாடு பத்தி 9-ஐயும் சேர்த்தே ஏற்றது. அதுவே சம்மதம். எச்எஃப்சி (எச்சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த, புவியைச் சூடாக்கும் வாயு) பட்டியலிலேயே இல்லாததால்தான் 2016-ல் கிகாலி திருத்தம் தேவைப்பட்டது. அதற்கு ஒவ்வொரு நாடும் தனியாக ஒப்புதல் தர வேண்டும்.

கூர்முனை:
2040-க்குக் கையெழுத்திட்ட நாடு 2030-க்கும் சேர்த்தா சம்மதித்தது? நேராகப் பதில் சொல்லுங்கள்.

பனித்துகள்:
தேதி இருக்கட்டும், கண்காணிப்பைப் பேசுங்கள். ஓசோனைக் கெடுக்கும் இன்னொரு வாயுவான சிஎஃப்சி-11 உற்பத்தி 2010-லேயே உலகம் முழுக்க நின்றிருக்க வேண்டும். 2012-க்குப் பிறகு உமிழ்வு கூடியது என்று 2018-ல் காற்றை அளந்தவர்கள்தான் சொன்னார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் நாடுகள் தரும் கணக்கில் அது இல்லவே இல்லை. கணக்கை எழுதுவது அந்தந்த நாடு. நெறிமுறையின் செயலகம் ஆலைக்குள் போய்ப் பார்க்க முடியாது. கோளாறு அங்கே இருக்கிறது.

கூர்முனை:
அது வேறு இழை. இங்கே பத்தி 9.

நீர்முள்ளி:
ஆபத்தான கழிவுகளை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள். பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்கு அந்தக் கழிவை அனுப்பக் கூடாது என்று 1995-ல் ஏற்ற தடைத் திருத்தம் 2019 டிசம்பரில்தான் அமலானது. அமலாகத் தேவையான நான்கில் மூன்று பங்கு ஒப்புதலை அன்றைய உறுப்பினரை வைத்து எண்ணுவதா, இன்றைய உறுப்பினரை வைத்தா என்றே வருஷக்கணக்கில் இழுத்தது. நான் அதைச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவே இல்லை.

கூர்முனை:
அன்றும் நான் சொன்னதுதான் சரி. "எல்லாத் தரப்பையும் கட்டும்" என்று பத்தி 9-ல் இருக்கிறதா, இல்லையா?

நீர்முள்ளி:
இருக்கிறது. ஓட்டு எந்த வருஷம் நடந்தது?