டெங்குவுக்குப் பிறகு முடி கொட்டல்: மினாக்சிடில் போட்டதும் இன்னும் கூடிவிட்டது

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. வயது 36, ஊர் திருப்பூர். போன அக்டோபரில் டெங்கு வந்து படுத்தேன். பொங்கல் சமயத்தில் கொட்ட ஆரம்பித்தது. பெரிய காய்ச்சல் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் இப்படிக் கொட்டும், பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கும் என்றார் தோல் மருத்துவர். ஆடியே பிறந்துவிட்டது, அடங்கவில்லை.

வட்டமாகச் சொட்டை இல்லை, அரிப்பு இல்லை, பொடுகும் இல்லை. வகிடுதான் அகலமாகிக்கொண்டே போகிறது. முன்பு இரண்டு சுற்றில் இறுக்கமாக நின்ற ரப்பர் பேண்ட், இப்போது நாலு சுற்று போட்டாலும் வழுக்கி இறங்குகிறது.

தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தின் அளவு) 12, இரண்டுமே குறைவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், அதையொட்டி டீ குடிப்பதில்லை (எனக்கு இது சாதாரணத் தியாகம் இல்லை). கரிசலாங்கண்ணித் தைலம், பயோட்டின், வெங்காயச் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. வெங்காயத்தால் கிடைத்தது நாற்றம் மட்டும்தான்.

போன மாதம் தோல் மருத்துவர், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலை 5 சதவீதத்தில் எழுதிக்கொடுத்தார். தினமும் இரவில் வகிட்டில் தடவுகிறேன். அப்புறம்தான் கொட்டல் முன்பைவிட அதிகமாகிவிட்டது. பழைய முடி உதிர்ந்துதான் புதுசு முளைக்கும், முதல் சில வாரம் இப்படித்தான் என்கிறார் அவர். மாமியாரோ, அதை நிறுத்திவிட்டுப் பழனியில் மொட்டை போடு, அடர்த்தியாக வளரும் என்கிறார்.

மினாக்சிடில் போட்ட பெண்கள் சொல்லுங்கள்: இந்த ஆரம்பக் கொட்டல் உங்களுக்கு எத்தனை வாரத்தில் நின்றது?