விடையைத் திருத்தினேன், எண்ணத்தைத் தொடவில்லை

கேள்வி (பயிற்சி ஆசிரியை):
நேற்று ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களின் கூட்டல் நடத்தினேன். 1/2 + 1/3 என்று எழுதியதும் ஒரு மாணவி 2/5 என்றாள். "தவறு" என்று சொல்லி, மீச்சிறு பொது மடங்கு 6 என்று நானே எழுதி, 5/6 என முடித்துவிட்டேன். வழிகாட்டி ஆசிரியர் குறிப்பேட்டில் ஒரே வரி: "விடையைத் திருத்தினீர்கள், எண்ணத்தைத் தொடவில்லை." இரவெல்லாம் அது உறுத்தியது. அந்த மாணவி பிறகு கையே தூக்கவில்லை. நாளை மறுபடி அதே வகுப்பு. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
அந்த 2/5-இலிருந்தே தொடங்குங்கள். அது பாதியைவிடப் பெரிதா, சிறிதா என்று கேளுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கூட்டுவது கவனக்குறைவு அல்ல. முழு எண்களில் பழகிய வழியை அவள் இங்கேயும் நம்புகிறாள்.

மறுமொழி 2:
கேட்டபின் 3 நொடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடியளவே பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டறிந்தார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காகிதப் பட்டைகளை ஆறாக மடித்து வைத்திருக்கிறேன். முதல் பட்டை அவளிடம்தான்.